பிரான்ஸின் பேஸ்கட்பால் ஊர்கள்: ரயிலில் எழுதிய நாட்குறிப்பு

வியாழன், பாரிஸ்

ஒன்பதாம் வட்டாரத்தில் த்ரேவீஸ் தெரு என்று ஒரு குறுகலான தெரு. அங்கே 14-ஆம் எண் கட்டடத்துக்குள் ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. ஐரோப்பாவின் முதல் பேஸ்கட்பால் ஆட்டம் 1893 டிசம்பர் 27 அன்று அதில்தான் நடந்தது. அமெரிக்காவில் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கி இரண்டே வருஷம், அதற்குள் ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கடல் தாண்டி வந்துவிட்டது. மரத்தளம் பழையதேதான், ஆடுகிற இடத்துக்கு நடுவிலேயே தூண்கள் நிற்கும், ஆட்டக்காரர்கள் அதைச் சுற்றித்தான் ஓடியாக வேண்டும். உலகத்தில் மிச்சமிருக்கிற மிகப் பழைய பேஸ்கட்பால் தளம் இதுதான். 2019 ஜனவரியில் இதே தெருவில் காஸ் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள், சுற்றியுள்ள கட்டடங்களோடு இதுவும் அடி வாங்கியது. உள்ளே போக வழியில்லை. வெளியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன், அதற்கே மனசு நிறைந்திருந்தது.

மதியம் லா ஷாப்பெல். பாரிஸில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல வருஷமாக இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் போகப்போகிற ஊர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "லிமோஜோ? அங்க பீங்கான் கோப்பைதானே தம்பி பேமஸ், பேஸ்கட்போலுக்கு ஆர் போறது?" என்றார். அவருடைய மகன் உள்ளூர் கிளப்பில் விளையாடுகிறான். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, அவங்கதான் ஐரோப்பா சாம்பியன்" என்றான். லிமோஜ் அந்தக் கோப்பையை வென்ற 1993-இல் அவன் பிறக்கவே இல்லை. ஆனாலும் பேஸ்கட்பால் ஆடும் ஒரு பிரெஞ்சுப் பையனுக்கு அது தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் மூவரும் அப்படியே வடக்கே நடந்தோம். மார்க்ஸ் தோர்முவா தெரு, அப்புறம் லா ஷாப்பெல் தெரு, அது முடிகிற இடத்தில் அடிடாஸ் அரினா. 2024 ஒலிம்பிக்கில் சிந்துவும் லக்ஷ்யா சென்னும் பேட்மின்டன் ஆடியது இங்கேதான், டிவியில் பார்த்திருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் திறந்தார்கள், 8,000 பேர் உட்காரலாம். பாரிஸ் பாஸ்கெட்பாலின் வீடு இது.

இந்தக் கிளப்பின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாளைக்கு மறுநாளிலிருந்து நான் பார்க்கப்போகும் எல்லாவற்றுக்கும் இது எதிர்ப்பக்கம். 2018-இல்தான் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியை நடத்திய டேவிட் கான் வந்து, தெற்கே கடலோரத்திலிருந்த இயேர்-தூலோன் கிளப்பின் இரண்டாம் பிரிவு இடத்தை வாங்கி, பாரிஸுக்குக் கொண்டுவந்தார். 2021-இல் முதல் பிரிவு. 2024-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோகப். 2025 ஜூனில் மொனாக்கோவை ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்து பிரெஞ்சு சாம்பியன். ஏழு வருஷம்! யூரோகப் வென்ற அணியைப் பயிற்றுவித்தவர் ஃபின்லாந்தின் துவோமஸ் ஈசலோ. அவருடைய ஆட்டம் மூச்சு விடாத ஆட்டம்: மைதானம் முழுக்க நெருக்கடி, சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், தவறிய பந்தைத் திரும்பப் பிடிக்க எல்லோரும் உள்ளே பாய்வது. அந்த அணியின் தலை டி.ஜே. ஷார்ட்ஸ், பேஸ்கட்பாலில் 175 சென்டிமீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே திணறடித்தவர். கோச் மெம்ஃபிஸுக்குப் போனார், ஷார்ட்ஸ் ஏதென்ஸுக்குப் போனார், ஆனாலும் அந்த வேகம் இங்கே தங்கிவிட்டது.

இன்றைக்கு ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீக்கில் ஆட்டம், எதிரே லித்துவேனியாவின் ஸால்கிரிஸ். ஸ்கோர் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது நதீர் ஹிஃபி. மூன்று புள்ளிக் கோட்டுக்கு இரண்டு எட்டு பின்னாலிருந்தே தூக்கி எறிகிறார், உள்ளே போகுமா என்று அவருக்குச் சந்தேகமே இருப்பதில்லை. கேலரியில் பெரும்பாலும் இளைஞர்கள், பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் நிறைய, அந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். பாரிஸில் எவ்வளவோ காலமாக ஒரு பேஸ்கட்பால் கிளப் நிலைக்கவில்லை. பிரெஞ்சு நட்சத்திரம் டோனி பார்க்கர் பின்னாளில் ஆடிய ரேசிங் கிளப் 1997-இல் சாம்பியன் ஆனது, அப்புறம் பெயர் மாறி, இன்னொன்றோடு சேர்ந்து, கரைந்தே போனது. இடத்தை விலைக்கு வாங்கி ஆரம்பித்த கிளப் என்று எனக்கு உறுத்தல் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்ட பிறகு அதை அவ்வளவு அழுத்திச் சொல்ல மனசு வரவில்லை.

வெள்ளி, நாந்தேர்

சின்னப் பதிவுதான். நாந்தேர் பாரிஸின் மேற்கு ஒட்டு, லா தெஃபான்ஸ் கோபுரங்களுக்குப் பின்னால். இங்கே பஸ்கால் தொனாதியூ என்று ஒரு கோச். 1987-இல் உள்ளூர் லீக்கின் அடிமட்டத்தில் இந்த அணியைக் கையில் எடுத்தார், அவருடைய அப்பா கிளப்பின் தலைவர். ஒவ்வொரு பிரிவாக ஏறி, 2013-இல் பிரான்ஸ் சாம்பியன். ஸ்ட்ராஸ்பூரைத் தோற்கடித்து! அந்த இலையுதிர் காலத்திலேயே யூரோலீக்கில் பார்சிலோனாவுக்குப் போய் பார்சிலோனாவையே ஜெயித்துவிட்டு வந்தார்கள். 2015-இல் யூரோசேலஞ்ச் கோப்பை, 2017-இல் உலக பேஸ்கட்பால் சம்மேளனமான ஃபீபாவின் யூரோப் கப். 2024-இல்தான் பயிற்சியாளர் வேலையை விட்டார். ஒரே மனிதர், ஒரே கிளப், அடியிலிருந்து உச்சி வரை. இதற்கு இணையாக வேறொரு கதை எனக்குத் தெரியாது. இன்றைய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை லீக்) நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமா சிறுவனாகப் பயின்றதும் இந்தக் கிளப்பில்தான்.

வெம்பன்யாமா என்றதும் பக்கத்து லெவலுவாவையும் சொல்லிவிடுகிறேன். 2022-23 சீசனில் அவர் மெட்ரோபொலிட்டன்ஸ் 92 அணிக்காக ஆடியபோது உலகமே அந்தச் சின்ன அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. இறுதிப் போட்டியின் ஒரு ஆட்டத்தை ரோலன் கரோஸின் டென்னிஸ் மைதானத்தில் வைக்கும் அளவுக்குக் கூட்டம். மொனாக்கோ ஜெயித்தது, அவர் அமெரிக்காவின் சான் அன்டோனியோ அணிக்குப் போனார், அடுத்த சீசனில் மெட்ரோபொலிட்டன்ஸ் கடைசி இடம், அதோடு தொழில்முறை லீக்கை விட்டே வெளியேறியது. ஒரு நட்சத்திரம் வந்துபோனால் கிளப் வாழும் என்று நினைக்கிறவர்கள் லெவலுவாவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சனி, லிமோஜ்

காலையில் ஆஸ்தர்லிஸ் நிலையத்திலிருந்து ரயில். மூன்று மணி நேரத்துக்கு மேல், அதிவேக ரயில் கிடையாது, பழைய பாதை, ஓர்லெயான் தாண்டினால் மாடுகளும் ஓக் மரங்களும்தான். லிமோஜில் இறங்கினால் நிலையமே அசத்துகிறது: செம்பு வேய்ந்த பெரிய கும்மட்டம், ஓரத்தில் மணிக்கூண்டு, கீழே தண்டவாளம் ஓட மேலே கட்டடம் நிற்கிறது. 1929-இல் திறந்தது. நான் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணமான கிளப்பும் அதே 1929-இல் பிறந்ததுதான்.

செர்க்கிள் சென்-பியேர், சுருக்கமாக சே-எஸ்-பே. ஒரு தேவாலயப் பங்கைச் சேர்ந்த இளைஞர் சங்கமாக ஆரம்பித்தது. பிரான்ஸில் பேஸ்கட்பால் பரவிய விதமே இப்படித்தான். பங்குச் சாமியார்கள் ஒரு பக்கம் பையன்களுக்குச் சங்கம் வைத்தார்கள். மதத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி வைக்க நினைத்த ஆசிரியர்கள் இன்னொரு பக்கம் தங்கள் சங்கத்தை வைத்தார்கள். இரண்டு பேரும் பந்து கொடுத்தார்கள். கால்பந்துக்கு வேண்டிய இடமோ பணமோ இல்லாத சின்ன ஊர்களில் ஒரு கூடம் போதும், பேஸ்கட்பால் பிடித்துக்கொண்டது. அதனால்தான் இந்த நாட்டு பேஸ்கட்பாலின் வரைபடத்தில் மார்செய்யைத் தேட வேண்டியிருக்கிறது, ஷோலேவும் லிமோஜும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன.

லிமோஜ் பதினோரு முறை பிரான்ஸ் சாம்பியன். 1982, 1983-இல் ஐரோப்பிய அளவிலான கோராச் கோப்பை, 1988-இல் கோப்பை வென்றோர் கோப்பை. சரி, அது எல்லாம் முன்னுரை. 1993 ஏப்ரல் 15, ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகம், ஐரோப்பிய சாம்பியன் கிளப்புகளின் கோப்பைக்கான (இன்றைய யூரோலீக்) இறுதிப் போட்டி. அரையிறுதியில் சபோனிஸ் இருந்த ரியல் மாட்ரிட்டை வெறும் 52 புள்ளியில் அடக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். எதிரே இத்தாலியின் பெனெட்டன் த்ரேவீசோ, அதில் டோனி கூக்கோச், அன்றைக்கு ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். லிமோஜின் கோச் போஷிதார் மால்கோவிச் கணக்குப் போட்டார்: இவர்களோடு ஓடினால் தோற்போம், அதனால் யாரும் ஓடக் கூடாது. ஒவ்வொரு தாக்குதலையும் கடிகாரம் தீரும் வரை இழு, பின்னால் வந்து சுவர் மாதிரி நில். பார்க்க அழகாயில்லை என்று அன்றே பலர் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. குறைந்த பலத்தோடு ஒரு பெரிய அணியைத் தன் வேகத்துக்கு இறக்கிக் கொண்டுவருவதற்கு நாற்பது நிமிஷமும் ஒரு ஆள்கூடக் கவனம் சிதறக் கூடாது, அதுவும் திறமைதான், அதிலும் அரிய திறமை. மைக்கேல் யங் புள்ளி சேர்த்தார், ஸ்தோவ்ட்ஸ் பந்தைப் பார்த்துக்கொண்டார், ரிஷார் தாக்கூரி, ஜிம் பில்பா எல்லோரும் தடுத்தார்கள். கடைசி விநாடிகளில் கூக்கோச் பந்தோடு வரும்போது ஃபிரெதெரிக் ஃபோர்த் கையை நீட்டித் தட்டிப் பறித்தார். 59-55.

மார்செய் கால்பந்து கிளப் ஐரோப்பியக் கோப்பையை வென்றது அதே வருஷம் மே 26-இல். 'என்றென்றும் நாங்களே முதல்' என்று மார்செய்க்காரர்கள் பாடுகிறார்கள். லிமோஜில் யாரிடமாவது அதைச் சொல்லிப் பாருங்கள். நான் சந்தையில் பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டே கேட்டேன், கடைக்கார அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தேதிகளையும் எனக்குத் தெளிவாகச் சொன்னார்.

ராத்திரி பொப்லான் அரங்கம். எதிரணி ஷோலே. ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பச்சைத் துண்டு போட்ட ஆட்கள் நடந்து வருகிறார்கள், தாத்தா பேத்தி சேர்ந்து வருகிறார்கள், கையில் டிக்கெட் இல்லை, சீசன் அட்டை. உள்ளே மேலே கோப்பைகளின் பதாகைகள். பாரிஸில் விளக்கும் இசையும் ஆளை எழுப்பின, இங்கே அது தேவைப்படவில்லை. ஆட்டம் தொடங்க இருபது நிமிஷம் முன்னாலேயே கேலரியின் ஒரு மூலையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எதிரணி ஃப்ரீ த்ரோ எடுக்கும்போது எழும் சத்தம் காதுக்குள் இல்லை, நெஞ்சுக்குள் கேட்கிறது. நடுவர் ஒரு ஃபவுலை ஊதினால் எனக்கு முன்னாலிருந்த ஒரு பாட்டி விதிப்புத்தகமே ஒப்பிப்பார் போலிருந்தது, இடப்பக்கத்தில் நின்ற ஆளின் கால் எங்கே இருந்தது என்பது வரைக்கும் பார்த்து வைத்திருக்கிறார். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஓய்வுபெற்ற பீங்கான் ஆலைத் தொழிலாளி. 93-இல் பஸ் பிடித்து, கப்பல் ஏறி பிரேயஸுக்குப் போனவர். இடைவேளையில் அந்தக் கடைசி நிமிஷத்தை நடித்தே காட்டினார், கூக்கோச் எந்தக் கையில் பந்து வைத்திருந்தார், ஃபோர்த் எங்கிருந்து வந்தார் என்று. "இதோ, இப்படி" என்று என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டினார்.

ஷோலேவைப் பற்றி ஒரு வார்த்தை. 54,000 பேர்தான் இருக்கிற ஊர், 2010-இல் பிரான்ஸ் சாம்பியன், ஆனால் அதன் உண்மையான பெருமை பயிற்சிப் பள்ளி. ரூடி கோபேர், நாந்தோ தெ கோலோ, கெவின் செரஃபான், அண்மையில் தீஜான் சலவுன், எல்லோரும் அங்கே வளர்ந்தவர்கள். வளர்த்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் பதினேழு வயசுப் பையனிடம் ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்கு லிமோஜ் கேலரி கைதட்டி நான் பார்த்தேன், ஆட்டம் முடிந்த பிறகுதான், ஆனாலும் தட்டினார்கள்.

ஞாயிறு, இன்னும் லிமோஜ்

நேற்றைய பதிவில் வெற்றியை மட்டும் எழுதிவிட்டுப் போனால் இந்த ஊருக்கு நியாயமாகாது. 2000-இல் துஷ்கோ இவானோவிச் பயிற்சியில் லிமோஜ் ஒரே சீசனில் லீக், பிரெஞ்சுக் கோப்பை, கோராச் கோப்பை மூன்றையும் வென்றது. யான் பொனாதோ, மார்க்கஸ் பிரவுன் ஆடிய அணி. அதே கோடையில் கணக்கு வழக்கில் ஓட்டை என்று கிளப்பை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். மூன்று கோப்பையோடு இறக்கம்! பிரெஞ்சு லீக்கில் நிதிக் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு கிளப்பின் வரவு செலவையும் அது பார்க்கும், சரியில்லையென்றால் தரவரிசையைப் பார்க்காது. கடுமைதான். ஆனால் ஐரோப்பாவில் வேறு பல நாடுகளில் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஆடியதைப் படித்தவர்கள் இந்தக் கடுமையின் அருமையை ஒத்துக்கொள்வார்கள். 2004-இல் லிமோஜ் மொத்தமாக முறிந்து, மூன்றாம் பிரிவில் புதிதாகத் தொடங்க வேண்டியதானது.

அப்போது தலைவராக வந்து நின்றவர் அதே ஃபோர்த். பந்தைத் தட்டிப் பறித்தவர். பத்து வருஷம் எடுத்தது. 2014-இல் மறுபடி சாம்பியன், 2015-இலும். 2017-இன் கடைசி நாளில் மாரடைப்பில் இறந்தார், 47 வயசு. காலையில் பொப்லான் வாசல் பக்கம் மறுபடி போனேன், அரங்கம் பூட்டியிருந்தது, ஒரு அப்பாவும் பையனும் வெளியே பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நானும் சேர்ந்துகொண்டேன்.

செவ்வாய், ஓர்தேஸ்

திங்கள் முழுக்க ரயில்: பெரிகூ வழியாக பொர்தோ, அங்கிருந்து தெற்கே, பிரெனே மலைகள் கண்ணில் படும் வரை. போ நகரத்தில் தங்கி, காலையில் ஓர்தேஸுக்கு வந்தேன். சின்ன ஊர், ஆற்றின் மேல் பழைய கல்பாலம். சந்தை நாள். லா மூத்தேத் என்ற கூடத்தில் வாத்து ஈரல், கோழி, காய்கறி விற்கிறார்கள். நான் பார்க்க வந்ததும் அந்தக் கூடத்தைத்தான். இந்தச் சந்தைக் கூடத்தில்தான் ஓர்தேஸ் அணி ஆடியது. 1984-இல் கோராச் கோப்பை, 1986, 1987-இல் பிரான்ஸ் சாம்பியன். காலையில் கோழி விற்ற இடத்தில் ராத்திரி ஐரோப்பிய ஆட்டம். தலைக்கு மேலே கூரை தாழ்வு, கேலரி ஆட்டக்காரன் தோளில் இடிக்கும் நெருக்கம், பெரிய நகரத்து அணிகள் இங்கே வரப் பயந்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு ஊர் போதாமல் கிளப் 1991-இல் போ நகரத்துக்குப் போய்ப் பெரிய அரங்கம் கட்டிக்கொண்டது. போ-ஓர்தேஸ் என்ற பெயரில் வென்றதையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது பட்டம். போரிஸ் தியாவ், மிக்கேல் பியேத்ரூஸ் இருவரும் இங்கிருந்துதான் 2003-இல் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். கடந்த சில வருஷம் பணச் சிக்கல், இரண்டாம் பிரிவு, நல்ல செய்தி குறைவு. வாத்து விற்கும் ஒரு அண்ணனிடம் கேட்டேன், ஆட்டங்களுக்குப் போகிறீர்களா என்று. "எந்தப் பிரிவாக இருந்தால் என்ன, சனிக்கிழமை வேறு என்ன வேலை?" என்றார்.

புதன் எழுத ஒன்றும் இல்லை. தூலூஸ், மோன்பெலியே, லியோன், ரயில், ரயில், ரயில்.

வியாழன், வில்யூர்பான்

லியோனை ஒட்டிய வில்யூர்பான், 1930-களில் கட்டிய வெள்ளை அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கும் தொழிலாளர் நகரம். அஸ்வெல் இங்கேதான். 1948-இல் இரண்டு சங்கங்கள் சேர்ந்து பிறந்த கிளப், 21 பட்டம், பிரான்ஸில் வேறு யாருக்கும் இவ்வளவு கிடையாது. அலென் ஜில் என்ற ஒரே ஆட்டக்காரர் அதில் எட்டு பட்டத்தில் இருக்கிறார், நாட்டுக்கே 'மிஸ்யூ பாஸ்கெட்' (திருவாளர் பேஸ்கட்பால்) அவர்தான்.

மெட்ரோ நிலையத்தின் பெயரிலேயே அஸ்த்ரோபால் அரங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1995-இல் திறந்தது, 5,500 பேருக்குச் சற்று மேல் கொள்ளும். அடுத்தடுத்த வருஷங்களில் அஸ்வெல் நன்றாக ஆடி 1997-இல் ரோமில் நடந்த யூரோலீக் இறுதி நால்வர் வரை போனது. இப்போது பெரிய ஆட்டங்களுக்கு தெசீனில் கால்பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் கட்டிய எல்.டி.எல்.சி. அரினா, 2023 நவம்பரில் திறந்தது, 12,000 பேர். நான் இரண்டையும் பார்த்தேன். புதியது வசதி, பார்வை அருமை, சாப்பாடு கிடைக்கிறது. பழையதில்தான் நான் சீசன் அட்டை வாங்குவேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும், சிலர் கேட்டிருந்தார்கள். பிரெஞ்சு சாம்பியன் ஆனால் யூரோலீக்குக்குப் போய்விடலாமா? முன்பு போகலாம், அதனால்தான் 2010-இல் ஷோலேவும் 2013-இல் நாந்தேரும் 2014-இல் லிமோஜும் போனார்கள். 2016-இல் யூரோலீக் 16 அணியாகச் சுருங்கி, நீண்டகால உரிமம் வைத்திருக்கும் பெரிய கிளப்புகளின் வீடாக மாறியது, அடுத்த மூன்று சீசன் ஒரு பிரெஞ்சு அணிகூட உள்ளே இல்லை. 2019-இல் அஸ்வெல் நுழைந்தது, 2014 முதல் டோனி பார்க்கர் கையிலிருந்த கிளப், அவருடைய பெயரும் லியோனின் அளவும் கதவைத் திறந்தன. யூரோகப் வழியாக 2021-இல் மொனாக்கோ, 2024-இல் பாரிஸ். மூன்றும் பணமோ பெரிய நகரமோ பின்னால் உள்ள அணிகள். மற்றவர்களுக்கு யூரோகப், அல்லது ஃபீபா நடத்தும் சாம்பியன்ஸ் லீக், யூரோப் கப். ஐரோப்பிய லீக்கை யார் நடத்துவது என்று கிளப்புகளும் ஃபீபாவும் 2000-இல் பிரிந்து சண்டையிட்டதன் விளைவு, இன்றைக்கும் நான்கு கோப்பைகள்.

எனக்கு இது வலிக்கிறது. லிமோஜ் கேலரியில் உட்கார்ந்த பெரியவருக்கு அடுத்த சீசன் தன் அணி லீக்கை வென்றால் ரியல் மாட்ரிட் பொப்லானுக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். யூரோலீக்கின் தரம் ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு லீக்கின் சாம்பியனுக்குக் கதவு திறக்காத போட்டியை ஐரோப்பியக் கோப்பை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

சனி, பூர்க்-ஆன்-ப்ரெஸ்

லியோனிலிருந்து ஒரு மணி நேரம். 41,000 பேர் இருக்கும் ஊர், ப்ரெஸ் கோழிக்குப் பேர்போனது. ஜே.எல். பூர்க், அந்த ஜே.எல். என்றால் மதச்சார்பற்ற இளைஞர் சங்கம், லிமோஜில் சொன்னேனே, அந்த இன்னொரு பக்கம். 1910-இல் தொடங்கியது. எக்கினாக்ஸ் அரங்கத்தில் 3,500 பேர்தான், ஆனால் 2024 ஏப்ரலில் யூரோகப் இறுதிப் போட்டி இந்த அரங்கத்துக்கு வந்தது. பாரிஸும் பூர்க்கும், இரண்டும் பிரெஞ்சு அணிகள். பாரிஸ் வென்றது. அன்று பூர்க்கில் ஆடிய பத்தொன்பது வயசு சக்கரி ரிசாஷே, இரண்டு மாசம் கழித்து என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக அட்லாண்டாவுக்குப் போனார்.

இன்றைக்கு லெ மான் வந்திருந்தது. கார் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் அந்தாரெஸ் அரங்கத்தில் ஆடும் கிளப், நிக்கோலா பாத்தூம் வளர்ந்த இடம், 2018 சாம்பியன். அருமையான ஆட்டம், நான்காவது குவார்ட்டரில் யார் ஜெயிப்பார் என்றே தெரியவில்லை. கேலரி ரொம்ப நல்ல மாதிரி, குழந்தைகளோடு வரும் குடும்பங்கள், வெளியூர் ரசிகர்களுக்கு உள்ளூர்க்காரர்களே வழி சொல்கிறார்கள். இந்தப் பயணத்தில் வேறு எங்கும் விட, ஒரு சின்ன ஊர் தன் கணக்கைச் சரியாக வைத்து, தன் பிள்ளைகளை வளர்த்து, ஐரோப்பாவில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது இங்கேதான் தெரிந்தது. பூர்க்கை யாராவது பக்கத்திலிருந்து பார்த்து விரிவாக எழுத வேண்டும்.

ஞாயிறு, மொனாக்கோ

விடிகாலை ரயில், நீஸ் வரை கடலோரம், அங்கிருந்து அரை மணி. நிலையம் பாறைக்குள் குடைந்தது. ஃபோன்வியெய் பகுதி கடலை நிரப்பிக் கட்டிய நிலம், அதில் லூயி இரண்டாம் மைதானம், அந்தக் கால்பந்து மைதானத்தின் அடியில் காஸ்தோன் மெத்சான் கூடம். மேலே புல், கீழே பேஸ்கட்பால். ஏறக்குறைய 5,000 பேர். வேறொரு நாடு, ஆனால் ஆடுவது பிரெஞ்சு லீக்கில்.

2015-இல்தான் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். 2021-இல் யூரோகப், 2023, 2024-இல் பிரான்ஸ் சாம்பியன், 2023-இல் கௌனாஸில் யூரோலீக் இறுதி நால்வரில் மூன்றாம் இடம். மைக் ஜேம்ஸ் இந்தச் சட்டையில்தான் யூரோலீக்கின் எல்லாக் கால அதிகப் புள்ளிக்காரர் ஆனார், ஸ்பனூலிஸைத் தாண்டி. 2025 மே மாதம் அபுதாபியில் ஒலிம்பியாகோஸைத் தோற்கடித்து இறுதிக்குப் போனார்கள். 1993-க்குப் பிறகு பிரெஞ்சு லீக்கிலிருந்து அங்கே போய் நின்ற முதல் அணி. துருக்கியின் ஃபெனர்பாச்சே 81-70 என்று வென்றது.

அதனால் லிமோஜ் இன்னும் தனியாகத்தான் நிற்கிறது. ஆட்டம் தொடங்க முன்னால் மைக் ஜேம்ஸ் ஒருவராக இடது ஓரத்திலிருந்து எறிந்து எறிந்து பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மொனாக்கோவும் பாரிஸும் ஒருநாள் அதை வெல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. அது நடக்கிற அன்று லிமோஜ்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்துவார்கள், பரவாயில்லை. ஆட்டக்காரர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருக்கும் ஒரு நாடு ஒரே கோப்பையோடு முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது சரியில்லை.

இங்கே வருகிறவர்களுக்கு: ஞாயிறு லீக் ஆட்டத்துக்கு டிக்கெட் எளிதில் கிடைக்கிறது, யூரோலீக் இரவென்றால் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், கூடம் சின்னது. தங்க நீஸ்தான் கட்டுப்படியாகும், ஆட்டம் முடிந்த பிறகும் ரயில் இருக்கிறது, நான் இதை அந்த ரயிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.